கடலோரப் பட்டறையில் அல்ட்ராசோனிக் டேங்க்: கார்பரேட்டரும் டீசல் நாசிலும் கழுவும் முறை

கன்னியாகுமரி மாவட்டத்தின் குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் கரைகளில் ஓடும் வள்ளங்களின் அவுட்போர்டு மோட்டாரைத் திறந்தால் மூன்று விதமான அழுக்கு இருக்கும். மண்ணெண்ணெய் காய்ந்து கார்பரேட்டரின் ஜெட் துளைகளில் (எரிபொருளை அளந்து விடும் நுண்துளைகள்) படிந்த பழுப்புப் பிசின், உப்புக்காற்று பட்டு அலுமினியத்தில் பூத்த வெள்ளைப் பொடி, எண்ணெய்க் கரி. ஒலி அதிர்வால் பாகங்களைக் கழுவும் அல்ட்ராசோனிக் டேங்க் முதலாவதை நன்றாக எடுக்கும், மூன்றாவதை ஓரளவு எடுக்கும். வெள்ளைப் பொடியில் மேலே ஒட்டியிருப்பதை உதிர்க்கும்; அரித்துப்போன உலோகத்தைத் திருப்பித் தராது. கழுவிய கார்பரேட்டர் ஒரு வாரத்தில் திரும்பி வந்தால், டேங்குக்கு முன்னும் பின்னும் என்ன செய்தோம் என்பதை முதலில் பாருங்கள். மெஷினைக் குறை சொல்வது அப்புறம்.

டேங்கின் அடியில் ஒட்டிய டிரான்ஸ்டியூசர்கள் (மின்சாரத்தை அதிர்வாக மாற்றும் பாகங்கள்) நொடிக்குச் சுமார் 40,000 முறை அதிரும்போது திரவத்தில் கண்ணுக்குத் தெரியாத குமிழ்கள் உண்டாகி உடனே நொறுங்கும். அந்த நொறுங்கல்தான் அழுக்கைப் பெயர்க்கிறது. எனவே திரவம் போகாத இடத்தில் வேலை நடக்காது. ஒரு பக்கம் அடைத்த துளைக்குள் காற்று சிக்கியிருந்தால் அரை மணி நேரம் ஓட்டினாலும் அந்தத் துளை அப்படியேதான் இருக்கும்.

டேங்கும் தண்ணீரும்

கார்பரேட்டர், நாசில் (எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் முனை) வேலைக்கு 40 கிலோஹெர்ட்ஸ், 10 லிட்டர், ஹீட்டரும் டைமரும் அடியில் வடிகால் வால்வும் உள்ள டேங்க் போதும். 25 முதல் 28 கிலோஹெர்ட்ஸ் மெஷினில் குமிழ் பெரிது, அடி பலமானது. அது சிலிண்டர் ஹெட் போன்ற கனத்த பாகத்துக்கு நல்லது. நுண்துளைக்கும் மெல்லிய அலுமினியத்துக்கும் வேண்டாம். வாங்கும்போது ஒலி எத்தனை வாட், ஹீட்டர் எத்தனை வாட் என்று தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டையும் கூட்டிப் பெரிய எண்ணாகச் சொல்லி விற்பது சகஜம். 10 லிட்டருக்கு ஒலி மட்டும் 200 வாட் அளவில் இருக்க வேண்டும்.

கரையோர போர் தண்ணீரை டேங்கில் ஊற்றாதீர்கள். அதிலுள்ள குளோரைடு, சூட்டோடு சேர்ந்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஊசிக்குத்துப் போலத் துளையிடும். கழுவிய பாகத்திலும் உப்பை விட்டுப்போகும். ஆர்.ஓ. தண்ணீர் நல்லது, ஆனால் ஆர்.ஓ. மெஷின் கழித்துவிடும் தண்ணீர் போர் தண்ணீரைவிட மோசம். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. கூரையில் முதல் மழை கழுவிப் போன பிறகு பிடித்து, துணியில் வடிகட்டி வைத்தால் செலவே இல்லாமல் நல்ல தண்ணீர் கிடைக்கும்.

சோப்புத் திரவ கேனில் ‘அலுமினியத்துக்கு ஏற்றது’ என்று எழுதியிருக்க வேண்டும். பிஎச் 9, 10 வரை பரவாயில்லை. காஸ்டிக் சோடா கலந்த டிகிரீசரில் போட்டால் கார்பரேட்டர் கறுத்துப்போகும், ஹைட்ரஜன் வாயுவும் கிளம்பும். கேனில் அளவு சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு. இல்லையென்றால் 3 சதவீதத்தில் தொடங்குங்கள், 8 லிட்டருக்கு 240 மில்லி. துணிக்குப் போடும் சோப்புத்தூள் நுரைத்து அதிர்வை விழுங்கிவிடும்.

பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் எதையும் டேங்கில் ஊற்றக்கூடாது. ‘கொஞ்சம்தானே’ என்பதும் கூடாது. சூட்டில் ஆவி எழும், சுவிட்சில் பொறி பறக்கும், பட்டறை எரியும்.

புதுத் திரவம் ஊற்றினால் பாகம் போடாமல் 10 நிமிடம் ஓட்டி, கரைந்திருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். பிறகு அடுப்படி அலுமினியத் தாளில் ஒரு கீற்றை வெட்டி, நேராகத் தொங்கவிட்டு ஒரு நிமிடம் பிடியுங்கள். தாள் முழுக்கப் பொடிப்பொடியாகக் குழியோ துளையோ விழுந்தால் டேங்க் சரி. ஒரு பக்கம் வழவழப்பாகவே இருந்தால் அந்தப் பக்கத்து டிரான்ஸ்டியூசரைச் சந்தேகப்படுங்கள். கிழிந்து விழும் தாள் துணுக்குகளை எடுத்துவிட வேண்டும். மாதம் ஒருமுறை இதைச் செய்வது நல்லது.

கார்பரேட்டர்

திறக்கும் முன்பே வெளிப்புறத்தை நல்ல தண்ணீரில் கழுவி உப்பை இறக்குங்கள். ஐடில் ஸ்க்ரூவை மெல்ல உள்ளே திருகி, எத்தனை சுற்றில் அமர்கிறது என்று எழுதிவைத்த பிறகே வெளியே எடுக்க வேண்டும். ஃப்ளோட், நீடில் வால்வு, கேஸ்கெட், ஓ-ரிங், டயாஃப்ரம் எல்லாம் வெளியே வரட்டும். ரப்பர் எதுவும் டேங்குக்குள் போகக்கூடாது. மண்ணைத் தூரிகையால் தட்டிவிடுங்கள்; உள்ளே போனால் அடியில் தங்கி, அதிர்வில் தேய்த்துத் தேய்த்து டேங்கின் அடித்தகட்டையே அரிக்கும்.

கார்பரேட்டர் உடலைப் பேஸ்கெட்டில் வைத்து இறக்குங்கள், டேங்கின் தரையில் நேராக வைக்காதீர்கள். முழுகியதும் திரவத்துக்குள்ளேயே நாலு பக்கமும் புரட்டினால் உள்ளிருக்கும் காற்றுக்குமிழ் வெளியே வரும். பித்தளை ஜெட்டுகளை ஒரு கண்ணாடி டம்ளரில் அதே திரவம் ஊற்றிப் போட்டு, டம்ளரை டேங்கில் பாதியளவு முழுகும்படி தொங்கவிடலாம். கண்ணாடி அதிர்வைக் கடத்தும், ஜெட் தொலைந்தும் போகாது. பிளாஸ்டிக் டப்பா அதிர்வை உறிஞ்சிவிடும்.

சூடு 50 டிகிரி. 10 நிமிடம் ஓட்டி, உடலைத் திருப்பிப்போட்டு இன்னும் 10 நிமிடம். அத்தோடு எடுத்துப் பாருங்கள். அலுமினியத்தை மறந்துபோய் மணிக்கணக்கில் விட்டால் சாம்பல் நிறமாகிக் குழி விழும். அழுக்குப் போகவில்லை என்று சூட்டை 80 டிகிரிக்கு ஏற்றுவதும் வீண். கொதிநிலையை நெருங்க நெருங்கக் குமிழின் அடி தளர்ந்துவிடும்.

எடுத்தவுடன், உலரும் முன், இரண்டு வாளியில் அலசுங்கள், இரண்டாவது வாளி மழைத்தண்ணீர். பிறகு கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒவ்வொரு துளையிலும் இரு பக்கமிருந்தும் கம்ப்ரசர் காற்று விடுங்கள். ஈரக்காற்றுள்ள கரையில் கம்ப்ரசர் டேங்கிலேயே தண்ணீர் சேரும். அதைக் காலையில் வடித்துவிடாவிட்டால், காயவைக்க விடும் காற்றே தண்ணீரைக் கொண்டுபோய் உள்ளே வைக்கும். மோட்டார் திரும்பி வருவதற்கு இது பெரிய காரணம்.

ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் துளை வட்டமாகத் தெரிய வேண்டும். இன்னும் அடைப்பு இருந்தால் கம்பியோ குண்டூசியோ வேண்டாம், அளவு மாறிவிடும். மெல்லிய தங்கூஸ் நரம்பை (நைலான் தூண்டில் நரம்பு) விட்டு எடுங்கள். எந்தக் கரையிலும் கிடைக்கும். புதுக் கேஸ்கெட் போட்டு, ஸ்க்ரூவை எழுதிவைத்த சுற்றுக்குக் கொண்டுவாருங்கள்.

டீசல் நாசில்

விசைப்படகு வேலை மீன்பிடித் தடைக்காலத்தில் குவியும். சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை என்பதால் இந்த மாவட்டத்தில் ஏறக்குறைய மூன்றரை மாதம் நாசில் வந்துகொண்டே இருக்கும். அவசரத்தில் நடக்கும் பெரிய தவறு ஜோடி மாறுவது. நாசில் உடலும் ஊசியும் ஒன்றுக்கொன்று இழைத்த ஜோடி, இடைவெளி சில மைக்ரான்தான். ஒன்றின் ஊசியை இன்னொன்றில் போட்டால் இரண்டும் வீண். சிலிண்டர் எண் எழுதிய தனித்தனிக் கூட்டில் ஜோடியாகவே கழுவுங்கள், ஆனால் ஊசியும் உடலும் ஒன்றோடொன்று உரசாமல் இருக்கட்டும்.

எஃகு என்பதால் 60 டிகிரி, 20 முதல் 30 நிமிடம். கெட்டிக்கரி முழுவதும் போகாது. மிச்சத்தைப் பித்தளைத் தூரிகையால் எடுங்கள். அலசி, காற்றடித்து, உடனே சுத்தமான டீசலில் முக்குங்கள். வெளியே வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் கடற்காற்றில் துரு பிடித்துவிடும். டீசலில் நனைத்த ஊசியை மூன்றில் ஒரு பங்கு வெளியே இழுத்து விட்டால் தன் எடையிலேயே வழுக்கி இறங்க வேண்டும். அதன் பிறகு நாசில் டெஸ்டரில் மாட்டி, அந்த எஞ்சினின் மேனுவல் சொல்லும் அழுத்தத்தில் திறக்கிறதா, மூடியபின் சொட்டுகிறதா என்று பாருங்கள். பீய்ச்சும் டீசலுக்கு முன் கையைக் காட்டாதீர்கள், தோலைத் துளைத்து உள்ளே போகும். தேய்ந்த ஊசி சொட்டத்தான் செய்யும். மறுபடி கழுவிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

இனி பராமரிப்பு. திரவ மட்டம் குறித்த கோட்டுக்குக் கீழே போனால் ஹீட்டரும் டிரான்ஸ்டியூசரும் கருகும். எர்த் சரியாக இருக்கட்டும், ஊற்றும்போதும் வடிக்கும்போதும் பிளக்கைப் பிடுங்குங்கள், மெஷின் ஓடும்போது திரவத்துக்குள் கையை விடாதீர்கள். மேலே மிதக்கும் எண்ணெயைப் பாகம் எடுக்கும் முன் வழித்துவிட வேண்டும், இல்லையென்றால் தூக்கும்போதே மறுபடி பூசிக்கொள்ளும். எண்ணெயைத் தனி கேனில் சேர்த்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி உள்ள கழிவெண்ணெய் வியாபாரியிடம் கொடுங்கள். கறுத்த திரவத்தை ஏ.வி.எம். கால்வாயிலோ கடற்கரையிலோ கவிழ்க்கக் கூடாது.

மெஷின் இருப்பது தெரிந்தால் அக்கம்பக்கத்தில் நகையோடும் வருவார்கள். அரக்கு வைத்தோ, கல்லுக்கு அடியில் தகடு வைத்தோ பதித்த கோவில் நகையை உள்ளே போடவே வேண்டாம். சூட்டில் அரக்கு இளகும், அதிர்வில் கல் கழன்றுவிடும். நாகர்கோவில் வடசேரியில் அந்த வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், அங்கே அனுப்புங்கள்.