நான்கு லோடு செல் எடைமேடையைக் கையால் கேலிப்ரேட் செய்யும் முறை

மேடை சரியான எடையைக் காட்டும்படி அமைப்பதுதான் கேலிப்ரேட் செய்வது. தட்டின் கீழுள்ள லோடு செல்கள் எடையை மின் சிக்னலாக மாற்றும், இண்டிகேட்டர் அதை எண்ணாகக் காட்டும். இண்டிகேட்டரில் ஸீரோ (காலி மேடையின் எண்), ஸ்பான் (தெரிந்த எடைக்கு வர வேண்டிய எண்) இரண்டையும் பதிவது ஐந்து நிமிட வேலை. நேரம் பிடிப்பது அதற்கு முந்தைய வேலைகளுக்குத்தான். மேடை எங்காவது உரசிக்கொண்டிருந்தாலும் இண்டிகேட்டர் மறுபேச்சில்லாமல் வந்த எண்ணை ஏற்றுக்கொள்ளும். அதனால் வரிசையை மாற்ற வேண்டாம்: முதலில் இயந்திரப் பகுதி, பிறகு மின் அளவு, மூலைகள், ஸீரோ, கடைசியில் ஸ்பான்.

கணக்குக்கு ஒரு மேடையை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு 1,000 கிலோ, ஒரு பிரிவு (திரையில் எண் மாறும் மிகச் சிறிய படி) 0.2 கிலோ, மேல்தட்டின் எடை 200 கிலோ. கீழே தலா 500 கிலோ தாங்கும், முழு எடையில் வோல்ட்டுக்கு 2 மில்லிவோல்ட் தரும் நான்கு செல்கள். எக்ஸைட்டேஷன், அதாவது செல்களுக்குக் கொடுக்கும் மின்னழுத்தம், 10 வோல்ட்.

எடைக்கல் ஏற்றுமுன்

தட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே சுற்றிலும் இடைவெளி இருக்கிறதா என்று மெல்லிய தகடு விட்டுப் பாருங்கள். சிக்கிய கல், வெல்டிங் பொறி, இறுகிய கேபிள் எதுவும் இருக்கக் கூடாது. ரசமட்டம் வைத்து மட்டம் பாருங்கள். நான்கு காலும் தரையில் அழுந்தி நிற்க வேண்டும். ஒன்று தொங்கினால் மூலைச் சோதனை ஒருநாளும் சேராது.

அடுத்து, நான்கு செல்களின் வயர்களும் சேரும் ஜங்ஷன் பாக்ஸின் சிக்னல் முனைகளில் மல்டிமீட்டர் வையுங்கள். செல்களின் மொத்தத் திறன் 2,000 கிலோ, முழுச் சிக்னல் 20 மில்லிவோல்ட். ஆகவே காலி மேடையில் 2 மில்லிவோல்ட்டும், 1,000 கிலோ ஏற்றினால் 12 மில்லிவோல்ட்டும் வர வேண்டும். காலியிலேயே 5 வந்தால் ஏதோ ஒரு செல் அதிக எடை தாங்கி வளைந்திருக்கலாம். மைனஸில் வந்தால் சிக்னல் வயர்கள் இடம் மாறியிருக்கும். எண் நிற்காமல் ஓடினால் பாக்ஸுக்குள் ஈரம் பாருங்கள். இந்தக் குறைகளோடு கேலிப்ரேட் செய்வது வீண்வேலை.

மின்சாரம் கொடுத்து அரை மணி நேரம் சூடாக விடுங்கள். காலி மேடையின் சிறு மாற்றங்களைத் தானாகவே ஸீரோவாக்கும் ஆட்டோ ஸீரோ டிராக்கிங்கை அணைத்துவிடுங்கள். அது ஓடிக்கொண்டிருந்தால் செல்லின் எண் மெல்ல நழுவுவது கண்ணுக்கே தெரியாது. பிறகு முழு எடைக்கு அருகில் மூன்று முறை ஏற்றி இறக்குங்கள். பல நாள் சும்மா கிடந்த மேடையில் முதல் ஏற்றத்தின் எண்ணை நம்ப முடியாது.

எந்த எடைக்கல்

சட்டமுறை அளவியலுக்கான சர்வதேச அமைப்பின் (ஓஐஎம்எல்) ஆர் 76 பரிந்துரைப்படி, மூன்றாம் வகுப்புத் தராசுக்கு (வணிகத்தில் வழக்கமாகப் பயன்படும் துல்லிய வகுப்பு) முதல் சரிபார்ப்பில் 500 பிரிவு வரை அரைப் பிரிவும், 2,000 பிரிவு வரை ஒரு பிரிவும், அதற்கு மேல் ஒன்றரைப் பிரிவும் பிழை வரலாம். இந்த மேடையில் 1,000 கிலோவுக்கு அது 300 கிராம். கற்களின் மொத்தப் பிழை அதில் மூன்றில் ஒன்றைத் தாண்டக் கூடாது, அதாவது 100 கிராம். எடைக்கற்களுக்கும் எம்1, எம்2 என்று துல்லிய வகுப்புகள் உண்டு. 20 கிலோ எம்1 கல்லில் பிழை 1 கிராம் வரை போகலாம். 50 கல்லுக்கு 50 கிராம், சரி. எம்2 கல் என்றால் ஒன்றுக்கு 3 கிராம், மொத்தம் 150. அது உதவாது.

மூலைகள்

நாலு காலுள்ள மேடையில் ஒவ்வொரு மூலைக்கும் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு ஏற்ற வேண்டும். இங்கே 17 கல், 340 கிலோ. ஜங்ஷன் பாக்ஸில் உள்ள திருகு மின்தடைகள் சிக்னலைக் குறைக்க மட்டுமே செய்யும், கூட்டாது. அதனால் எல்லாவற்றையும் முழுச் சிக்னல் நிலைக்குக் கொண்டுவந்து, மிகக் குறைவாகக் காட்டும் மூலையைத் தொடாமல் விட்டு, மற்ற மூன்றை அதன் அளவுக்கு இறக்குங்கள். ஒன்றைத் திருகினால் பக்கத்து மூலையும் கொஞ்சம் அசையும். இரண்டு மூன்று சுற்று வர வேண்டியிருக்கும். ஒரு மூலை மட்டும் கிலோக்கணக்கில் விலகி நின்றால் திருகை விட்டுவிட்டுக் காலைப் பாருங்கள்.

ஸீரோ, ஸ்பான்

காலி மேடையில் எண் அசையாமல் நின்றதும் ஸீரோவைப் பதியுங்கள். ஸ்பானுக்கு முழு 1,000 கிலோவே நல்லது. 100 கிலோவை வைத்து ஸ்பான் போட்டால், அங்கே நுழையும் 0.1 கிலோ பிழை முழு எடையில் 1 கிலோவாக நிற்கும். கல் போதாவிட்டால், 500 கிலோ கல்லின் எண்ணைக் குறித்துக்கொண்டு கல்லை இறக்கி, அதே எண் வரும்வரை மணல் மூட்டையோ இரும்போ ஏற்றி, அதன்மேல் கல்லை மறுபடி வையுங்கள்.

சரிபார்ப்பு 100, 400, 700, 1,000 கிலோவில், ஏறும்போதும் இறங்கும்போதும். திரையின் கடைசி இலக்கம் அரைப் பிரிவை மறைக்கும். 1,000.0 காட்டும்போது 20 கிராம் கற்களை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போங்கள். மூன்றாவது கல்லில், 60 கிராமில், எண் 1,000.2க்குத் தாவினால் உண்மையான காட்டல் 1,000.0 + 0.1 − 0.06, அதாவது 1,000.04 கிலோ.

எல்லா எடையிலும் ஒரே விகிதத்தில் பிழை வந்தால் ஸ்பானை மறுபடி போடுங்கள். காலியிலும் முழு எடையிலும் சரியாயிருந்து நடுவில் மட்டும் விலகினால் செல் சாய்ந்திருக்கும் அல்லது கெட்டிருக்கும். ஏறும் எண்ணும் இறங்கும் எண்ணும் ஒத்துவராவிட்டால் பெரும்பாலும் உரசல்தான். கல்லை எடுத்ததும் ஸீரோ திரும்பாததற்கும் அதையே முதலில் சந்தேகப்படுங்கள்.

முடிந்ததும் டிராக்கிங்கை மறுபடி போட்டு, ஸீரோ, ஸ்பான் பதிவு எண்களைக் குறித்து வையுங்கள். இண்டிகேட்டர் எரிந்துபோனால் கைகொடுப்பது அந்தக் குறிப்புத்தான். விற்பனைக்குப் பயன்படும் தராசில் முத்திரையை உடைக்க உரிமம் உள்ளவர் வேண்டும். மேடையை வேறு ஊருக்குக் கொண்டுபோனால் அங்கேயே மறுபடி கேலிப்ரேட் செய்யுங்கள். நிலநடுக்கோட்டுக்கும் துருவத்துக்கும் இடையே புவியீர்ப்பு சுமார் அரை சதவீதம் மாறுகிறது. நான்கு வயர் செல்லின் கேபிளை மட்டும் நீளம் என்று வெட்டாதீர்கள், சுருட்டிக் கட்டிவையுங்கள். அதன் மின்தடையும் சேர்த்துத்தான் அந்தச் செல்லின் அளவு எழுதப்பட்டிருக்கிறது.