கப்பலில் வாட்சுக்கு (முறைவைத்துப் பார்க்கும் பணி நேரத்துக்கு) முன் குடியை எப்போது நிறுத்த வேண்டும்?

பணியில் இருக்கும் மாலுமியின் ரத்தத்தில் ஆல்கஹால் 0.05 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஊதிப் பார்க்கும் கருவியில் லிட்டருக்கு 0.25 மில்லிகிராம். மாலுமிகளின் பயிற்சி, சான்றிதழ், வாட்ச் பணி பற்றிய சர்வதேச ஒப்பந்தமான எஸ்.டி.சி.டபிள்யூ.வின் மணிலா திருத்தம் விதித்த வரம்பு இது. 2012 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. அமெரிக்கக் கடலில் 0.04. சொட்டுக்கூட ஆகாது என்று சொல்லும் கம்பெனிகளும் பல. எது கடுமையோ அதையே கணக்கில் வையுங்கள்.

வாட்சுக்கு முந்தைய 4 மணி நேரம் குடிக்காமல் இருந்தால் போதும் என்று நம்பித்தான் பலரும் மாட்டுகிறார்கள். உடல் மணிக்குச் சுமார் 0.015 சதவீதம்தான் கழிக்கும். இரவு 11 மணிக்கு 0.12 இருந்தால், அதிகாலை 4 மணிக்கு 4-8 வாட்ச் தொடங்கும்போது 0.045 மிச்சம் இருக்கும். எஸ்.டி.சி.டபிள்யூ. வரம்புக்குள் வந்துவிடுவீர்கள், அமெரிக்க வரம்பில் சிக்குவீர்கள். கட்டங்காப்பியோ மோரோ குளியலோ இதை வேகப்படுத்தாது. தூங்கி எழுந்ததும் தெளிந்த மாதிரி இருக்கும், அந்த நினைப்பில் பிரிட்ஜுக்கு (கப்பலைச் செலுத்தும் மேல்தளத்துக்கு) போகாதீர்கள்.

தள்ளாடி வருபவரைக் கேங்வேயில் (கரையிலிருந்து கப்பலுக்கு ஏறும் படிப்பாலத்தில்) தனியாக ஏற விடாதீர்கள். லாஞ்சிலிருந்து (சிறு படகிலிருந்து) கப்பல் பக்கவாட்டில் தொங்கும் கயிற்றேணியான பைலட் ஏணியில் ஏற்றவே கூடாது. கேபினில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஓர் ஆள் கூடவே இருக்க வேண்டும். மல்லாந்து படுத்தால் வாந்தி மூச்சுக்குழாயில் போய் அடைத்துவிடும்.

மூச்சுப் பரிசோதனைக்கு முன் 15 நிமிடம் எதுவும் சாப்பிடக் கூடாது, மவுத்வாஷும் கூடாது. ஊதுகுழல் புதிதா என்று பாருங்கள். போதைப்பொருள் சோதனைக்குச் சிறுநீர் மாதிரி எடுத்தால், புட்டி உங்கள் கண்ணெதிரே சீல் ஆகி, அதன் எண் படிவத்தோடு ஒத்துப்போன பிறகே கையெழுத்து. கோடீன் கலந்த இருமல் மருந்து ஓபியம் வகை என்று காட்டும். மருத்துவர் சீட்டைக் கையோடு வையுங்கள். குருமாவில் போடும் கசகசாவும் சில சமயம் அப்படிக் காட்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் அதைப் பையில் வைத்திருப்பதே குற்றம், ஆகவே வீட்டிலிருந்து மசாலாப் பொட்டலத்தோடு எடுத்து வராதீர்கள். கனடாவில் 2018 முதல் கஞ்சா சட்டப்படி கிடைக்கிறது. கப்பல்காரருக்கு அது எந்த விலக்கும் தராது. தொடர்ந்து புகைப்பவர் சிறுநீரில் வாரக்கணக்கில் தெரியும்.

அதிகம் பேசப்படாத ஆபத்து, தினமும் குடித்துப் பழகியவர் மது இல்லாத கப்பலில் ஏறுவது. கடைசிக் குடிக்குப் பின் 6 மணி நேரத்திலிருந்தே கைநடுக்கம், வியர்வை. முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாளுக்குள் பிதற்றல். கை நடுங்கும்போதே கேப்டனிடம் சொல்லி, ரேடியோவில் மருத்துவ ஆலோசனை கேளுங்கள். ஆளை ஏணி, இயந்திரம், டேங்க் வேலைகளிலிருந்து உடனே எடுத்துவிட வேண்டும்.