பாடம் நடக்கும்போது கொக்கி வையுங்கள்

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது என் மகன் எட்டாம் வகுப்பு. ஒன்பதாம் வகுப்புப் பாடம் பெரும்பாலும் செல்போனில்தான் வந்தது. மதுரையில் வீட்டிலேயே ரவிக்கை தைப்பவள் நான். எங்களிடம் இருந்தது ஒரே போன். மழை, புயல் என்று பள்ளியை மூடி மறுபடி ஆன்லைன் வகுப்பு வரும் நாளில் உதவட்டும் என்று நான் பட்டறிந்ததை எழுதுகிறேன்.

முதலில், போனைக் கொடுத்துத் தனி அறைக்கு அனுப்பாதீர்கள். நான் அனுப்பினேன். வருகை சொல்லிவிட்டு, ஒலியை அடைத்துவிட்டு, ஒரு மாதம் துப்பாக்கி விளையாட்டு விளையாடியிருக்கிறான். அது தெரிந்த அன்று வகுப்பு நடுவிலேயே கத்தினேன். மைக் திறந்திருந்தது. வகுப்பே கேட்டது. அதன்பின் இரண்டு வாரம் அவன் ஆசிரியரிடம் ஒரு சந்தேகம்கூடக் கேட்கவில்லை. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு நண்பர்கள் முன் படும் அவமானம் சிறியதல்ல. என்ன கோபம் வந்தாலும் வகுப்பு முடியும்வரை பொறுத்திருங்கள்.

பக்கத்தில் உட்காருங்கள், ஆனால் திரையை எட்டிப் பார்க்காதீர்கள். தையல் இயந்திரத்தின் சத்தம் வகுப்பைக் கெடுத்ததால், அந்த முக்கால் மணி நேரத்துக்குக் ரவிக்கைக்குக் கொக்கி வைப்பது, காஜா (பொத்தான் துளை) எடுப்பது போன்ற கைவேலைகளை ஒதுக்கிவைத்தேன். அவன் பாயில், நான் அருகே தரையில். நான் காவலுக்கு உட்காரவில்லை என்று அவனுக்குப் புரிய நாலைந்து நாள் ஆனது.

"படித்தாயா?" என்று கேட்டால் "படித்தேன்" என்றுதான் பதில் வரும். "எனக்குச் சொல்லிக்கொடு" என்று கேளுங்கள். கணக்கில் கணமொழிப் பாடம் (பொருட்களையோ ஆட்களையோ தொகுப்புகளாகப் பார்ப்பது) நடந்த அன்று கேட்டேன். என் மார்க்கிங் சாக்கை எடுத்து, வெட்டுத் தாளில் ஒன்றையொன்று வெட்டும் இரண்டு வட்டங்கள் போட்டான். ரவிக்கை கொடுத்தவர்கள் ஒன்றில், சுடிதார் கொடுத்தவர்கள் மற்றதில். என் அளவு நோட்டைப் புரட்டி எண்ணினான்: 14 பேர், 9 பேர், இரண்டும் கொடுத்தவர்கள் 4. "மொத்தம் 23 என்று நினைப்பாய் அம்மா, 19தான், நடுவில் இருப்பவர்களை இரண்டு முறை எண்ணிவிட்டோம்" என்றான். திரையில் புரியாமல் போனது, எனக்குச் சொல்லும்போது அவனுக்கே புரிந்தது.

நேரமும் முக்கியம். ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒரு நாளைக்கு 30 முதல் 45 நிமிடம் வீதம் நான்கு வகுப்புகளுக்கு மேல் கூடாது என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் 2020 ஜூலையிலேயே சொன்னது. அவனுக்கு ஆறு நடந்தன. நாலு பெற்றோர் சேர்ந்து வகுப்பாசிரியரிடம் பேசிய பிறகுதான் குறைத்தார்கள். தனியாகப் போகாமல் சேர்ந்தே கேளுங்கள். டேட்டா தீர்ந்த நாட்களில் கல்வித் தொலைக்காட்சி கைகொடுத்தது.

எனக்கு மிகவும் கடினமாக இருந்தது 2021 பிப்ரவரி 25. ஒன்பது, பத்து, பதினொன்றாம் வகுப்புகள் தேர்வின்றித் தேர்ச்சி என்று அறிவித்தார்கள். மாலையே புத்தகத்தை மூடிவிட்டான். உங்கள் பிள்ளையும் மூடினால் பயமுறுத்தாதீர்கள், பேரம் பேசுங்கள். எல்லாப் பாடமும் வேண்டாம், இரண்டு போதும். எவை, எந்த நேரம் என்று நீயே சொல் என்றேன். கணக்கும் ஆங்கிலமும், இரவு எட்டு மணி என்றான். அவனே சொன்ன நேரம் என்பதால் பெரும்பாலும் தவறவில்லை.

கடைசியாக ஒன்று, இதைப் பலரும் மறந்துவிட்டோம்: கையால் எழுதும் பழக்கம். பள்ளி திறப்பதற்கு ஒரு மாதம் முன்பே தினம் ஒரு பக்கமாவது எழுதச் சொல்லுங்கள். 2021 செப்டம்பர் 1 அன்று பள்ளி மீண்டும் திறந்தபோது, அரைப் பக்கம் எழுதுவதற்குள் விரல் வலிக்கிறது என்று வந்து நின்றான். அன்றிலிருந்து வாடிக்கையாளர்களின் அளவுகளை நான் சொல்லச் சொல்ல அவன் எழுதினான். தோள், கழுத்து, கை நீளம் என்று அந்த வருட நோட்டில் பாதிக்கு மேல் அவன் கையெழுத்துதான்.