காஸ்ட்கோவா, சாம்ஸா, பிஜேஸா? கார்டு எடுக்கும் முன் போட வேண்டிய கணக்கு

சித்தி மகன் வேலை மாறி டாலஸ் பக்கம் போய் மூன்று வாரம் ஆகிறது. பாதிப் பெட்டி இன்னும் பிரிக்கவில்லை, அதற்குள் போன் வந்துவிட்டது. "அக்கா, இங்கே காஸ்ட்கோவும் இருக்கு, சாம்ஸ் கிளப்பும் இருக்கு, ஆபீஸ்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க, எதை எடுக்கட்டும்?" காஸ்ட்கோ, சாம்ஸ் கிளப், பிஜேஸ் மூன்றும் அமெரிக்காவில் வருடக் கட்டணம் கட்டி உறுப்பினர் கார்டு எடுத்துப் பெரிய பெரிய பாக்கெட்டாக வாங்கும் 'கிளப்' கடைகள். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நான் இருக்கும் நியூ ஜெர்சியில் மூன்று கிளப்பும் உண்டு, ஏழு வருடத்தில் மூன்றிலும் மாறி மாறி கார்டு வைத்திருந்திருக்கிறேன்.

முதலில் கடைக்குப் போகாதீர்கள். வீட்டில் உட்கார்ந்து கடைசி இரண்டு மூன்று மாத மளிகை ரசீதுகளை எடுங்கள், காகிதம் இல்லையென்றால் கார்டு ஸ்டேட்மென்ட்டும் ஆப்பில் இருக்கும் பழைய ஆர்டர்களும் போதும். அதில் மாதா மாதம் தவறாமல் வரும் பொருள்களை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். எங்கள் வீட்டுத் தாளில் வந்தவை பால், முட்டை, தயிர், வெங்காயம், முந்திரி பாதாம், துணி துவைக்கும் சோப்பு, டிஷ்யூ, அப்போது டயபர், அப்புறம் காருக்கு கேஸ், அதாவது பெட்ரோல். பொன்னி அரிசி, துவரம் பருப்பு, புளி, மிளகாய், கறிவேப்பிலை எதற்கும் எப்படியும் இந்தியக் கடைக்குத்தான் போகப் போகிறோம், அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். இந்த எட்டு ஒன்பது பொருளில் கார்டுக் காசு திரும்பி வந்தால் எடுக்கலாம், வராவிட்டால் வேண்டாம். டிவி வாங்கும்போது மிச்சமாகும், டயர் மாற்றும்போது மிச்சமாகும் என்று சொல்வார்கள், உண்மைதான், ஆனால் டயர் வருடா வருடம் மாற்றுகிறோமா?

அடுத்தது தூரம். பிஜேஸ் பெரும்பாலும் கிழக்கு மாநிலங்களில்தான், அதனால் கலிஃபோர்னியாவிலோ சியாட்டலிலோ இருப்பவர்களுக்கு அந்தக் கேள்வியே எழாது. காஸ்ட்கோ, சாம்ஸ் இரண்டும் பெரும்பாலான மாநிலங்களில் இருந்தாலும் உங்கள் வீட்டிலிருந்து எது எவ்வளவு தூரம் என்பதுதான் பேச்சு. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், கேஸ் கணக்கிலேயே பலர் ஏமாந்து போகிறார்கள். உதாரணத்துக்கு கிளப்பின் பங்கில் கேலனுக்கு 20 சென்ட் குறைவு என்று வைத்துக்கொள்வோம். ஒரு தடவைக்கு 12 கேலன் போட்டால் 2 டாலர் 40 சென்ட் மிச்சம். வேலைக்குப் போகும் வழியிலேயே அந்தப் பங்க் இருந்து மாதம் மூன்று தடவை போட்டால் வருடத்துக்கு 86 டாலர், கார்டுக் காசு அதிலேயே வந்துவிட்டது. அதுவே கேஸுக்கென்று தனியாக 8 மைல் போய் 8 மைல் திரும்பி வந்தால்? கேலனுக்கு 25 மைல் ஓடும் காரில், கேலன் 3 டாலர் 20 சென்ட் என்றால், போக்குவரத்துக்கே 2 டாலருக்கு மேல் எரிந்துவிடும். மிச்சம் முப்பத்தைந்து சென்ட், வரிசையில் நின்ற இருபது நிமிடம் நம் கணக்கு.

இப்போது கட்டணம். காஸ்ட்கோ 2024 செப்டம்பரில் சாதாரண கார்டை 60லிருந்து 65 டாலராகவும், எக்ஸிகியூட்டிவ் என்ற மேல்நிலை கார்டை 120லிருந்து 130 ஆகவும் ஏற்றியது. பிஜேஸ் 2025 ஜனவரியில் 55லிருந்து 60, மேல்நிலை கார்டு 110லிருந்து 120. சாம்ஸ் அதற்கு முன்பே, 2022 அக்டோபரில், 45லிருந்து 50க்கும், பிளஸ் என்ற மேல்நிலை கார்டை 100லிருந்து 110க்கும் கொண்டு போனது. சில வருடத்துக்கு ஒருமுறை ஏற்றிக்கொண்டே இருப்பார்கள் என்பதால், பணம் கட்டும் அன்று அவரவர் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மேல்நிலை கார்டில் வாங்கியதற்கு 2 சதவீதம் திரும்பக் கிடைக்கும், மூன்று கிளப்பிலும் அப்படித்தான். கவுண்டரில் நிற்பவர் அன்பாக "இதை எடுங்கள், லாபம்" என்பார். அவசரப்பட வேண்டாம். காஸ்ட்கோவில் கூடுதலாகக் கட்டும் 65 டாலர் 2 சதவீதத்தில் திரும்பி வர வருடத்துக்கு 3,250 டாலருக்கு வாங்க வேண்டும், அதாவது மாதம் சுமார் 271 டாலர். சாம்ஸிலும் பிஜேஸிலும் வித்தியாசம் 60 டாலர் என்ற கணக்கில் வருடத்துக்கு 3,000, மாதம் 250. காஸ்ட்கோவில் கேஸுக்கு இந்த 2 சதவீதம் கிடையாது என்பதால் அந்த 271இல் கேஸைச் சேர்க்காதீர்கள். உச்சவரம்பும் உண்டு, காஸ்ட்கோவில் வருடத்துக்கு 1,250 டாலர், ஆனால் ஒரு வீட்டுச் செலவில் அதைத் தொடவே முடியாது, கடை நடத்துபவர்களுக்குத்தான் அந்தக் கவலை. இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்குச் சாதாரண கார்டு போதும் என்பது என் கருத்து. நான்கைந்து பேர், டயபர் வயதுக் குழந்தை, ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து ஆறு மாதம் தங்குகிறார்கள் என்றால் மேலே போகலாம். காஸ்ட்கோவில் எடுத்த பிறகு வருடம் முடியும்போது அந்த 2 சதவீத ரிவார்டு 65 டாலரைத் தொடவில்லையென்றால் மெம்பர்ஷிப் கவுண்டரில் போய்ச் சொல்லுங்கள், சாதாரண கார்டுக்கு மாற்றிவிடலாம்.

பர்ஸில் என்ன கிரெடிட் கார்டு இருக்கிறது என்றும் பாருங்கள். அமெரிக்காவில் காஸ்ட்கோ கடைக்குள் கிரெடிட் கார்டு என்றால் விசா மட்டும்தான், இல்லையென்றால் டெபிட் கார்டு அல்லது ரொக்கம். மாஸ்டர்கார்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு முதல் முறை நிறைந்த வண்டியோடு கவுண்டரில் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன், பாவமாக இருக்கும். சாம்ஸில் மாஸ்டர்கார்டு, அமெக்ஸ், டிஸ்கவர் எல்லாம் செல்லும். பிஜேஸுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு: பொருளைத் தயாரிக்கும் கம்பெனி கொடுக்கும் கூப்பனை இந்த மூன்றில் அங்கே மட்டும்தான் வாங்குவார்கள், கிளப்பின் சொந்தக் கூப்பனோடு சேர்த்தே பயன்படுத்தலாம். டயபருக்கும் சோப்புக்கும் கூப்பன் தேடி வைக்கப் பொறுமை உள்ளவர்களுக்கு பிஜேஸ்தான் முதல் இடம் என்பேன்.

சரி, விலையை ஒப்பிடுவது எப்படி? நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். டப்பா பெரிதாக இருப்பதால் மலிவு என்று தோன்றும். அலமாரியில் இருக்கும் விலைச் சீட்டைப் பாருங்கள், பெரிய எழுத்தில் மொத்த விலை, ஓரத்தில் சிறிய எழுத்தில் அவுன்ஸுக்கோ பவுண்டுக்கோ எவ்வளவு என்று போட்டிருக்கும். அந்தச் சின்ன எழுத்துதான் நமக்கு வேண்டியது. போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து இந்தியக் கடை, வழக்கமான சூப்பர் மார்க்கெட் விலையோடு ஒரே அளவில் வைத்துப் பாருங்கள், ஒரு பவுண்டுக்கு 16 அவுன்ஸ். ஒரு கணக்கு: கிளப்பில் 40 அவுன்ஸ் முந்திரி 18 டாலர் என்றால் அவுன்ஸ் 45 சென்ட். இந்தியக் கடையில் 2 பவுண்டுப் பாக்கெட் 16 டாலர் என்றால் அவுன்ஸ் 50 சென்ட். ஒரு டப்பாவுக்கு 2 டாலர் லாபம், வருடத்துக்கு நான்கு டப்பா வாங்கினால் 8 டாலர். இப்படி ஒவ்வொரு பொருளுக்கும் "வருடத்துக்கு எவ்வளவு மிச்சம்" என்று தாளில் கடைசி வரிசையில் எழுதிக் கூட்டுங்கள். டிஷ்யூவில் ரோல்களை எண்ணக் கூடாது, ரோலுக்கு எத்தனை ஷீட் என்று பார்க்க வேண்டும். துணி சோப்பில் அவுன்ஸை விட எத்தனை முறை துவைக்கலாம் என்று போட்டிருக்கும் எண் உதவும். கிளப்பின் சொந்தச் சரக்கையும் சேர்த்துப் பாருங்கள், காஸ்ட்கோவுக்கு கிர்க்லாண்ட், சாம்ஸுக்கு மெம்பர்ஸ் மார்க், பிஜேஸுக்கு வெல்ஸ்லி ஃபார்ம்ஸ், பெர்க்லி ஜென்சன். என் நாக்குக்கும் கைக்கும் கிர்க்லாண்ட் பாதாமும் ஆலிவ் எண்ணெயும் முதலிடம், சோப்பில் மெம்பர்ஸ் மார்க் குறை சொல்ல முடியாது.

அந்தக் கூட்டுத் தொகையிலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டும், குப்பைக்குப் போனது. முதல் வருடம் எங்கள் வீட்டில் இது நடந்தது. கீரை என்றால் ஆசை, பெரிய டப்பாவாகக் குட்டிக் கீரை வாங்கி வந்தேன், மூன்றாம் நாள் அடியில் ஈரம் கோத்துக் கறுத்து, மூடியைத் திறந்தாலே வாடை. மறு வாரமும் அதே. ரசீதில் பார்த்தால் லாபம், ஆனால் பாதி குப்பையில் என்றால் கிளப் விலை இரட்டிப்பு விலைதானே? அதன் பிறகு அழுகும் பொருளில் நான் வாங்குவது, வெட்டி ஃப்ரீசரில் போடக்கூடியது அல்லது ஐந்து நாளில் தீர்ந்துவிடும் என்று நிச்சயமாகத் தெரிந்தது மட்டும். தக்காளி பெட்டியாக வந்தால் அன்றே தொக்கு. பூண்டை உரித்து நல்லெண்ணெயில் வதக்கிப் பெட்டியில் போட்டு ஃப்ரீசரில் வைத்தால் மாதக் கணக்கில் வரும். பிஜேஸில் சின்ன அளவுப் பாக்கெட்டுகள் அதிகம், பொருள் வகையும் மற்ற இரண்டைவிட அதிகம், அபார்ட்மென்டில் சின்ன ஃப்ரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய வசதி.

கடைக்குள் கழியும் நேரத்தையும் பாருங்கள். சாம்ஸில் ஸ்கேன் அண்ட் கோ என்ற வசதி, போனிலேயே ஒவ்வொரு பொருளாக ஸ்கேன் செய்து போனிலேயே பணம் கட்டிவிட்டு வரிசையில் நிற்காமல் வெளியே வரலாம். தூங்கிவிட்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மதியம் கவுண்டர் வரிசையில் நின்றவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

நண்பர் கார்டில் போய்க்கொள்ளலாம் என்ற யோசனையை விட்டுவிடுங்கள், காஸ்ட்கோ 2024இலிருந்து வாசலிலேயே கார்டை ஸ்கேன் செய்யும் கருவியை வைக்க ஆரம்பித்துவிட்டது. உறுப்பினரோடு விருந்தினராகக் கூடப் போகலாம், முதலில் அப்படி ஒரு தடவை போய் விலைச் சீட்டுகளைப் படம் எடுத்து வாருங்கள். கணவன் மனைவிக்கு இரண்டு கார்டு தனித்தனியாக வாங்க வேண்டாம், ஒரே முகவரியில் இருக்கும் இன்னொருவருக்கு இலவசமாகவே கார்டு தருவார்கள். பிடிக்கவில்லையென்றால் கட்டணத்தை முழுதாகத் திருப்பித் தருவோம் என்று காஸ்ட்கோவும் சாம்ஸும் சொல்கின்றன, கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

கடைசியாக ஒன்று. சாம்ஸிலும் பிஜேஸிலும் முதல் வருடம் பாதி விலைக்கும் கீழே என்று அவ்வப்போது சலுகை வரும், அதை எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அத்துடன் தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடும் சேர்ந்தே வரும். ஒரு கிளப்பில் நான் போவதையே நிறுத்தி ஐந்து மாதம் ஆன பிறகு முழுக் கட்டணமும் கார்டிலிருந்து போயிருந்தது, ஸ்டேட்மென்ட்டை இரண்டு மாதம் கழித்துத்தான் பார்த்தேன். சேர்ந்த அன்றே போன் காலண்டரில் பதினோராவது மாதத்துக்கு ஒரு நினைவூட்டல் வையுங்கள்.

தம்பி இந்த வாரம் தாள் போட்டு அனுப்பியிருக்கிறான். இரண்டு பேர், ஒரு கார், சாம்ஸ் ஆபீஸ் போகும் வழியில் ஒன்றரை மைல், காஸ்ட்கோ எதிர்த் திசையில் பதினொன்று. சாம்ஸில் சாதாரண கார்டு எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டேன்.