சமணமலை அடிவாரத்தில் எழுதப் பழகுங்கள்

வெயில் ஏறுவதற்குள் மதுரைக்கு அருகிலுள்ள கீழக்குயில்குடிக்குப் போய்விடுங்கள். சமணமலை அடிவாரத்துத் தாமரைக்குளமும் ஆலமர நிழலும் இயற்கைக் குறிப்பு எழுத உட்காருபவருக்கென்றே அமைந்தவை. கோடு போட்ட நோட்டும் பென்சிலும் போதும்.

தேதி, நேரம், காற்று, வெயில் ஆகியவற்றை முதலில் குறியுங்கள். பிறகு கண்ணில் பட்டதை எழுதுங்கள். "அழகான பறவை" என்பது எதையும் சொல்லாது. "முழுக்கக் கறுப்பு, வால் நுனியில் பிளவு, மாட்டின் முதுகில் அமர்ந்து பூச்சி பிடிக்கிறது" என்று எழுதினால், வீட்டில் பறவைக் கையேட்டைப் புரட்டியதும் கரிச்சான் என்று தெரிந்துவிடும். அந்தக் கணத்தின் மகிழ்ச்சிக்காகவே நான் எழுதுகிறேன். பெயர் தெரியாத செடியைப் பறிக்காதீர்கள், இலையை வரைந்துகொள்ளுங்கள். அன்றைய மனவருத்தம் இருந்தால் அதுவும் அதே பக்கத்தில் இருக்கட்டும், பிரிக்க வேண்டாம்.

இரவில் வாசிக்க இயற்கையியலாளர் மா. கிருஷ்ணனின் 'மழைக்காலமும் குயிலோசையும்' நூலைச் சொல்வேன். ஒரு நாளைக்கு ஒரு கட்டுரை, அதற்கு மேல் வேண்டாம்.

கை பழகியதும் மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டிக்குப் போங்கள். 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. குன்றுகளில் வல்லூறுகள் உண்டு. பைனாகுலர் கொண்டு செல்லுங்கள்.