பாதியில் நின்ற சீசன்: கூடுதல் ஆண்டு கேட்கும் பெங்களூர் குடும்பங்களுக்கு

விளையாட்டு ஸ்காலர்ஷிப்பில் அமெரிக்கக் கல்லூரிக்குப் போன பிள்ளையின் சீசன் பாதியில் நின்றால், ஆட்ட உரிமை (இன்னொரு சீசன் ஆட அனுமதி), பணம், விசா என்று மூன்று இடங்களில் தனித்தனியாக அனுமதி வாங்க வேண்டும். ஒன்று கிடைத்ததால் மற்றவை தானாக வந்துவிடாது.

2020-ல் அதுதான் நடந்தது. கோவிட்டால் மார்ச் 12 அன்று, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏ, சாம்பியன்ஷிப்புகளை ரத்து செய்தது. மார்ச் 30 அன்று, அதன் மேல்மட்டப் பிரிவான டிவிஷன் 1-இன் கவுன்சில் வசந்தகால விளையாட்டுகளுக்கு மட்டும் ஒரு சீசனைத் திருப்பித் தர அனுமதித்தது. அநேகமாக முடிந்துவிட்ட கூடைப்பந்துக்கு அது கிடைக்கவில்லை. கடைசி ஆண்டு மாணவர்களுக்கு ஸ்காலர்ஷிப் எவ்வளவு என்பதைக் கல்லூரியே முடிவு செய்தது. ஒன்றுமே தராமலும் இருக்கலாம்.

காயத்தால் சீசன் போனால் வழி வேறு: அதைத் திருப்பிக் கேட்டு மனு போட வேண்டும். டிவிஷன் 1-ல் காயம் சீசனின் முதல் பாதியில் பட்டிருக்க வேண்டும். ஆடியது மூன்று போட்டி அல்லது சீசன் போட்டிகளில் 30 சதவீதம், இதில் எது அதிகமோ அதைத் தாண்டக் கூடாது. 25 போட்டி என்றால் 8 வரை. குணமாகிவிட்டதா என்று பார்க்க இரண்டாம் பாதியில் ஒரே ஒரு போட்டி ஆடினாலும் மனு விழுந்துவிடும். காயம்பட்ட நாட்களிலேயே எழுதிய மருத்துவக் குறிப்பு வேண்டும். விடுமுறையில் பெங்களூரில் காட்டியிருந்தால், தேதியுடன் ஆங்கிலத்தில் ரிப்போர்ட் வாங்கி உடனே அனுப்புங்கள். மனு போடுவது கல்லூரிதான். தனியுரிமைச் சட்டத்தால் பெற்றோர் கேட்டால் பதில் வராது. கல்லூரியில் விளையாட்டு விதிகளைக் கவனிக்கும் கம்ப்ளையன்ஸ் ஆபீசுக்குப் பிள்ளையே மெயில் எழுத வேண்டும். விதிகள் அடிக்கடி மாறுவதால், இந்த ஆண்டுக்கான விதியை அதே மெயிலில் கேட்கச் சொல்லுங்கள்.

அடுத்தது பணம். "இடம் உண்டு" என்று கோச் போனில் சொல்வதை நம்பி இருந்துவிடாதீர்கள். 2025 முதல் பல டிவிஷன் 1 கல்லூரிகளில் அணியில் எத்தனை பேர் என்பதற்கே உச்சவரம்பு வந்துவிட்டது. பழைய வீரர் தங்கினால் புதியவருக்கு இடமில்லை. தொகை, எந்தெந்த செமஸ்டர், விடுதி, சாப்பாடு எல்லாம் எழுத்தில் வரட்டும்.

பலர் மாட்டிக்கொள்வது விசாவில். இன்னொரு சீசன் ஆட வேண்டும் என்பது ஐ-20 (மாணவர் விசாவுக்காகக் கல்லூரி தரும் படிவம்) நீட்டிப்புக்குக் காரணமாகாது; தக்க படிப்புக் காரணமோ மருத்துவக் காரணமோ தேவை. அதனால் பட்டத்தை முடித்து, முதுகலையில் சேர்ந்து, புது ஐ-20-யுடன் ஆடுவதே பெரும்பாலும் உறுதியான வழி. அதற்கு விண்ணப்பக் கெடு பல மாதம் முன்பே முடிந்துவிடும் என்பதால், கோச்சிடம் பேசும் வாரத்திலேயே வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். நீட்டிப்புக்கே தகுதி இருந்தால், ஐ-20-யின் முடிவுத் தேதிக்கு முன் கேட்டாக வேண்டும்.

கல்விக் கடன் இருந்தால் புது ஐ-20-யையும் கல்லூரிக் கடிதத்தையும் இங்குள்ள வங்கிக் கிளையில் கொடுங்கள். பெரும்பாலும் படிப்பு முடிந்து ஓராண்டில் தவணை தொடங்கும். பதிவில் பழைய தேதியே இருந்தால், பிள்ளை படித்துக்கொண்டிருக்கும்போதே இஎம்ஐ பிடிக்கத் தொடங்கிவிடுவார்கள்.