வேகத்துக்கேற்ற பனிச்சறுக்குப் பலகை: நீளத்தைத் தீர்மானிப்பது எப்படி?

பனிச்சறுக்குப் பலகை (காலுக்கு ஒன்றாக மாட்டிக்கொள்ளும் ஸ்கி) வாங்கச் செல்பவர், தம் உயரத்தை அளப்பதற்கு முன், தாம் உண்மையில் எந்த வேகத்தில் சறுக்குகிறோம் என்பதை நேர்மையாகக் கணக்கிட வேண்டும். நீளமான பலகையின் விளிம்பு கூடுதலான பனியைப் பற்றிக்கொள்வதால், வேகம் கூடினாலும் அது அதிராமல் நேராகச் செல்லும்; குட்டையான பலகை எளிதில் திரும்பும், ஆனால் வேகம் கூடினால் அதன் முனை படபடக்கத் தொடங்கிவிடும். பன்னாட்டுப் போட்டி விதிகளிலும் இதைக் காணலாம்: மிக வேகமான டவுன்ஹில் போட்டியில் ஆண்களின் பலகை குறைந்தது 218 செ.மீ. இருக்க வேண்டும், நெருக்கமான கம்பங்களுக்கிடையே வளைந்து செல்லும் ஸ்லாலம் போட்டிக்கோ 165 செ.மீ. போதும்.

போட்டியில் கலந்துகொள்ளாத மற்றவர்கள் பலகையை உடலருகே நிமிர்த்தி நிறுத்திப் பார்க்கலாம். புதிதாகக் கற்பவருக்கு அதன் முனை மோவாய்க்கும் மூக்குக்கும் இடையே வருவது நல்லது. பழகியவருக்கு நெற்றி வரையிலும், வேகத்தை விரும்புபவருக்குத் தலைக்குச் சற்று மேலும் வரலாம். எடை கூடியவர் சில சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளலாம். முனை மேல்நோக்கி வளைந்த ராக்கர் வகையில் பனியைத் தொடும் விளிம்பு குறைவு என்பதால், அதையும் சற்று நீளமாகவே எடுப்பது வழக்கம். வளரும் பிள்ளைக்குப் பெரிதாக வாங்கும் பழக்கம் பள்ளிச் சீருடைக்குச் சரி; பலகைக்கு ஆகாது. ஐயம் இருந்தால், இரு நீளங்களை வாடகைக்கு எடுத்து, ஒரே நாளில், ஒரே சரிவில் சறுக்கிப் பார்க்கவும்.